மாவுக்கு எவ்வளவு கூடும்?

கேள்வி: ஐயா, டெல்டா மாவட்டம் ஒன்றில் வேளாண் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சம்பா நெல்லுக்குக் கடற்பாசிச் சாற்றை இலைவழியாக இரண்டு முறை தெளித்து, 60 விவசாயிகளின் வயல்களில் சோதித்தேன். ஒவ்வொரு வயலிலும் ஒரு பாதிக்குத் தெளித்தோம், மறுபாதியை அப்படியே விட்டோம். தெளிக்காத பாதியின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 5,200 கிலோ. தெளித்த பாதியில் 110 கிலோ கூடுதல். திட்டப் பிழை (இந்தச் சராசரி வித்தியாசம் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு) 38, பி மதிப்பு 0.005. 'ஹைலி சிக்னிஃபிகன்ட், விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று எழுது' என்கிறார் என் கைடு. எஃபெக்ட் சைஸ் 0.37 வருகிறது, அதை நடுத்தரம் என்று எழுதலாமா? தெளிப்பதற்கு ஏக்கருக்கு மருந்து 900 ரூபாய், கூலி இரண்டு முறைக்கும் சேர்த்து 1,000 ரூபாய் ஆனது.

கல்லூரிப் பண்ணையில் வேறொரு சோதனையும் செய்தேன். 6 டிரீட்மென்ட் (ஒப்பிடும் முறைகள்), 4 ரெப்ளிகேஷன் (ஒவ்வொன்றும் நான்கு முறை), ஆர்பிடி (பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் ஒதுக்கும் அமைப்பு). நடவுக்கு முன் துத்தநாக சல்பேட் இட்ட பாத்திகளில் 620 கிலோ கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் சிடி (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்) 690 என்பதால் என்எஸ் (நாட் சிக்னிஃபிகன்ட்) என்று வந்துவிட்டது. அதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். 110 கிலோ முக்கியம், 620 கிலோ முக்கியமில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் புரிந்துகொண்டதில் தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் புரிந்துகொண்டதில் தவறில்லை. எண்களை மட்டும் பார்க்காமல் வயலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் மனம் ஒப்பவில்லை. கடிதத்தில் திட்டப் பிழையையும் செலவையும் கொடுத்திருப்பதால் என்னால் பொதுப்படையாகப் பேசாமல் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் பி மதிப்பை மட்டும் எழுதிக் கேட்பவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த 0.005. தெளிப்பால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 110 கிலோ அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிட 200-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த எண் சொல்வது இவ்வளவுதான். 110 கிலோ பெரிதா சிறிதா, செலவுக்குக் கட்டுமா என்பதெல்லாம் அதற்குள் இல்லை.

இதைக் கையாலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் திட்டப் பிழையிலிருந்து பின்னோக்கிப் போனால் (38-ஐ 60-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால்), வயலுக்கு வயல் வித்தியாசத்தின் திட்ட விலக்கம், அதாவது அது சராசரியிலிருந்து சிதறும் அளவு, சுமார் 294 கிலோ. நீங்கள் 60 வயலுக்குப் பதிலாக 15 வயலில் மட்டும் சோதித்து, அதே 110 கிலோ வந்திருந்தால் திட்டப் பிழை 76 ஆகியிருக்கும், பி மதிப்பு 0.17 அளவில் நின்றிருக்கும். 'என்எஸ், எடுத்துவிடு' என்றிருப்பார்கள். 240 வயலில் செய்திருந்தால் பி மதிப்பில் சைபர்களாக வந்திருக்கும், 'மிக மிக உறுதி' என்றிருப்பார்கள். மூன்றிலும் மருந்தும் அதேதான், கூடுதல் நெல்லும் அதேதான். மாறியது நீங்கள் ஏறி இறங்கிய வரப்புகளின் எண்ணிக்கை.

சரி, அந்த 110 கிலோவை விவசாயியின் களத்துக்குக் கொண்டுபோவோம். ஹெக்டேருக்கு 110 என்றால் ஏக்கருக்கு 44.5 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பக் கணக்கில் ஒரு சிப்பமும் கொஞ்சமும். உங்கள் பக்கத்து மா கணக்கில், மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால், மாவுக்கு 15 கிலோகூட முழுதாக இல்லை. கிலோ 24 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு வரவு 1,068 ரூபாய். செலவோ 1,900 ரூபாய். அதாவது தெளித்தவருக்கு ஏக்கருக்கு 832 ரூபாய் கைநஷ்டம்.

110 என்பது மதிப்பீடுதான், உண்மை அதைவிடக் கூடவும் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், உண்மை விளைவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இருப்பதே அதற்காகத்தான். திட்டப் பிழை 38-ஐ ஏறக்குறைய இரண்டால் பெருக்கி இருபுறமும் விரித்தால் 34 முதல் 186 கிலோ வரை வருகிறது. இப்போது செலவுக்குக் கட்டுப்படியாகும் கோட்டைப் போடுங்கள். 1,900 ரூபாயை 24-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 79 கிலோ, ஹெக்டேருக்கு சுமார் 195 கிலோ. உங்கள் இடைவெளியின் மேல் நுனியே 186-தான், கோட்டைத் தொடவில்லை. ஆக, இதே தரவு, இதே 95 சதவீத அளவுகோலில், இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது: தெளிப்பால் மகசூல் கூடுகிறது, இந்த விலைக்கும் இந்தக் கூலிக்கும் அது விவசாயிக்கு நஷ்டம். முதல் பாதியை மட்டும் எழுதி 'பரிந்துரைக்கலாம்' என்று முடித்தால், அதை நம்பித் தெளிக்கிறவரின் பையிலிருந்து பணம் போகும். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை, அந்த வரியை அப்படியே எழுதாதீர்கள்.

ஆனால் கணக்கை இன்னொரு விதமாகவும் போட்டுக் காட்ட வேண்டும். டெல்டாவில் பூச்சிக்கோ நோய்க்கோ எப்படியும் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தெளிப்போடு சாற்றையும் கலந்து அடித்தால் தனிக் கூலி இல்லை, செலவு 900 ரூபாய்தான். அப்போது கட்டுப்படியாகும் கோடு ஹெக்டேருக்கு 93 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் சராசரி 110 அதற்கு மேலே நிற்கிறது, இடைவெளியின் கீழ்ப்பகுதி கோட்டுக்குக் கீழே இருக்கிறது. 'லாபம் வரலாம், உறுதியில்லை' என்கிற நிலை. பி மதிப்பு ஒரு புள்ளிகூட மாறவில்லை, முடிவு மட்டும் மாறிவிட்டது பாருங்கள். கலந்து அடித்தால் சாறும் பூச்சிமருந்தும் ஒன்றையொன்று கெடுக்குமா என்பதை உங்கள் ஆய்வு சோதிக்கவில்லை. அதனால் இதைப் பரிந்துரையாக எழுதாமல், அடுத்துச் சோதிக்க வேண்டியது என்று எழுதுங்கள்.

எஃபெக்ட் சைஸ் 0.37 பற்றி. சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்து வந்த எண் அது. 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்ற அளவுகளைக் கொடுத்தவர் உளவியல் துறையைச் சேர்ந்த ஜேக்கப் கோஹன். வேறு எந்த ஆதாரமும் கையில் இல்லாதபோது பயன்படுத்தத்தான் அவர் அதைக் கொடுத்தார், துறையின் அனுபவம் இருந்தால் அதையே பாருங்கள் என்றும் எச்சரித்தார். மனச்சோர்வு மதிப்பெண், தேர்வு மதிப்பெண் போன்றவற்றுக்குச் சொந்த அலகு இல்லை, அங்கே இது உதவும். நெல்லுக்குக் கிலோ இருக்கிறது, கிலோவுக்கு ரூபாய் இருக்கிறது. இருக்கிற அலகை விட்டுவிட்டு 0.37-ஐப் பிடித்துக்கொண்டு 'நடுத்தரம்' என்று எழுத என்ன அவசியம்? தேர்வாளர் கேட்டால் அட்டவணையில் ஒரு ஓரத்தில் கொடுங்கள், முடிவுரைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சிறிய எண் என்றாலே பயனில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து நடந்த ஆஸ்பிரின் சோதனையின் முதல் முடிவு 1988-இல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு. போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு. இதை, தொடர்பின் வலிமையைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவாக மாற்றினால் 0.034-தான் வரும், எந்த அட்டவணையிலும் 'மிகச் சிறிது' என்றே விழும். ஆனால் மலிவான ஒரு மாத்திரையால் மாரடைப்பு ஏறக்குறைய பாதிக்குக் குறைகிறது என்பதால், சோதனையின் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தி எல்லோருக்கும் முடிவைச் சொன்னார்கள். அப்புறம் பல ஆண்டுகள் கழித்து, இதயநோய் இல்லாத முதியவர்களுக்கு ஆஸ்பிரினால் வரும் ரத்தக்கசிவு ஆபத்தும் எடையில் ஏறியது, வழிகாட்டுதல்கள் மாறின. பயனை மட்டும் பார்த்தபோது ஒரு முடிவு, விலையையும் சேர்த்துப் பார்த்தபோது வேறு முடிவு. மருந்தில் விலை ரத்தக்கசிவு, உங்கள் வயலில் 1,900 ரூபாய்.

இனி துத்தநாகம். இதில்தான் உங்களுக்கு நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிடி 690 என்றால் என்ன? இரண்டு டிரீட்மென்டுகளுக்கு இடையே 690 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் 5 சதவீத அளவில் சிக்னிஃபிகன்ட் என்போம், அதாவது விளைவே இல்லாவிட்டால் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. உங்கள் 620 அதைத் தாண்டவில்லை, பி மதிப்பு 0.075 அளவில் இருக்கும். 'என்எஸ்' என்ற இரண்டு எழுத்தை நம்மில் பலர் 'விளைவு இல்லை' என்று படித்துப் பழகிவிட்டோம். அது 'இன்னும் நிரூபணமாகவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. அதே சிடியை 620-க்கு இருபுறமும் விரித்துப் பாருங்கள்: கழித்தல் 70 முதல் 1,310 கிலோ வரை. துத்தநாக சல்பேட்டும் இடும் கூலியும் ஏக்கருக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், கட்டுப்படியாகும் கோடு ஹெக்டேருக்கு 103 கிலோ. இடைவெளியின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலே, லாபப் பக்கத்தில் கிடக்கிறது. சராசரியை வைத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 251 கிலோ, ரூபாயில் சுமார் 6,000. நஷ்டத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் இது தூக்கிப் போடுகிற முடிவு அல்ல, மறுபடி செய்து பார்க்கத் தூண்டுகிற முடிவு.

அதிலும் இது வெறுங்கையோடு ஆரம்பிக்கிற விஷயமும் இல்லை. அன்றைய உத்தரப் பிரதேசத்தின் தராய் பகுதியில் நெல்லைத் தாக்கிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைபாடே காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியலாளர் ஒய்.எல். நேனே 1966-இலேயே காட்டினார். நம் ஊரிலும் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது காலங்காலமாகப் பரிந்துரையில் இருக்கிறது. இவ்வளவு முன்சான்று உள்ள ஒன்றில் 0.075 வந்தால், யாரும் கேள்விப்படாத ஒரு பாட்டில் மருந்துக்கு 0.075 வந்தது போலப் படிக்கக் கூடாது. உங்கள் பண்ணை மண்ணின் துத்தநாக அளவைப் பரிசோதித்திருந்தால் அந்த எண்ணையும் பக்கத்திலேயே கொடுங்கள். குறைவாக இருந்தால் உங்கள் முடிவுக்கு அது பெரிய பலம்.

இன்னொரு பருவம் அதே அமைப்பில் செய்ய முடியுமானால் செய்யுங்கள். சோதனைப் பிழை இப்போது போலவே இருந்து, பருவத்துக்குப் பருவம் விளைவு பெரிதாக மாறாவிட்டால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது சிடி சுமார் 470-க்கு இறங்கும். முடியாவிட்டாலும் ஆய்வேட்டில் அந்த அட்டவணை இருக்கட்டும். தாண்டியதை வைத்துக்கொண்டு தாண்டாததை எடுத்துவிட்டால், பின்னால் வருகிற ஆராய்ச்சியாளர் துத்தநாகச் சோதனைகளை எல்லாம் தொகுக்கும்போது உங்கள் 620 கிலோ அங்கே இருக்காது. நாலு ரெப்ளிகேஷன் வயலின் உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கைடிடம் பேச உதவும். இது நம் துறையில், வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், வயல் சோதனைகளை எப்படி அமைப்பது என்று 1926-இல் எழுதிய கட்டுரையில், இருபதில் ஒன்று என்பது தனக்கு வசதியான அளவு என்றார். வேண்டுமானால் ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தே சொன்னார். ஒழுங்காக அமைத்த சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தும் இந்த அளவை எட்ட அரிதாகவே தவறுகிறது என்றால்தான் ஒன்று நிலைநாட்டப்பட்டது என்று கொள்ளலாம் என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. அவருக்கும் முன்னால், 1908-இல், சராசரிகளை ஒப்பிட உதவும் டி சோதனையைத் தந்த வில்லியம் காஸெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர், பார்லியும் ஹாப்ஸும் அவருடைய அன்றாடம். எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, முடிவின்படி நடந்தால் கிடைக்கும் பணலாபத்தையும் புதுமுறைக்கும் சோதனைக்கும் ஆகும் செலவையும் பொறுத்தது என்று அவர் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனுக்கு எழுதினார். நீங்கள் இன்று கேட்கிற கேள்வியை அந்தச் சோதனையை உருவாக்கியவரே கேட்டிருக்கிறார்.

இனி நான் சொல்லப் போவது, இவ்வளவு கணக்குக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது. மாதிரி அறுவடை 5-க்கு 5 மீட்டர் பாத்தியில்தானே எடுத்தீர்கள்? 25 சதுர மீட்டர். அதை ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்குகிறோம். தராசில் 100 கிராம் தவறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ. சாக்கின் எடையைக் கழிக்க மறந்தாலோ, ஓரத்துக் குத்துகள் இரண்டை உள்ளே சேர்த்து அறுத்தாலோ, அதுவும் 400 மடங்காகும். ஆனாலும் இதெல்லாம் இரண்டு பாதியிலும் சமமாக நடந்தால் சராசரியில் அடித்துப் போய்விடும். எனக்குக் கவலை ஈரப்பதம்.

தெளித்த பாதியில் இலை கூடுதல் நாள் பச்சையாக நின்றதா? அப்படியானால் அறுவடை அன்று அந்தப் பாதியின் நெல்லில் ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். 14 சதவீத ஈரத்துக்குத் திருத்தாமல் எடை போட்டிருந்தால், ஒரு பாதியில் 14-ம் மறுபாதியில் 16-ம் இருந்தாலே 5,200 கிலோவில் சுமார் 120 கிலோ வித்தியாசம் வந்துவிடும். உங்கள் மொத்த விளைவே 110 கிலோ! நீங்கள் அளந்தது நெல்லா தண்ணீரா என்பதை பி மதிப்பு ஒருநாளும் சொல்லாது. 60 வயலிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை என்றால், வயல்களைக் கூட்டக் கூட்டப் பி மதிப்பு இன்னும் அழகாகிக்கொண்டே போகும். களத்தில் ஈரமானியால் பார்த்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, ரோட்டோரம் நெல்லைப் பரப்பி வைத்துக் காத்திருக்கும் விவசாயிக்கு இந்த எண்ணின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எனக்கு இது உறைத்த நாள் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் சோதனை முடிவைச் சொல்லப் போயிருந்தோம். புதுமுறையில் மகசூல் புள்ளியியல்படி உறுதியாகக் கூடுகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'தம்பி, மாவுக்கு எவ்வளவு கூடும்?' என்றார். என்னிடம் ஹெக்டேருக்குக் குவிண்டால் கணக்கு இருந்தது, பி மதிப்பு இருந்தது, அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். அன்றிலிருந்து எந்த முடிவு என் மேசைக்கு வந்தாலும் முதலில் மாவுக்கு வகுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன்.

ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'கடற்பாசிச் சாறு தெளித்ததில் மகசூல் ஹெக்டேருக்கு 110 கிலோ கூடியது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 34 முதல் 186 கிலோ, பி மதிப்பு 0.005. நெல் கிலோ 24 ரூபாயாகவும் தெளிப்புச் செலவு ஏக்கருக்கு 1,900 ரூபாயாகவும் இருக்கையில் இந்தக் கூடுதல் செலவை ஈடுகட்டவில்லை. தனிக் கூலி தேவைப்படாத முறையில் தெளித்தால் கட்டுப்படியாகுமா என்பது மேலும் சோதிக்கத்தக்கது.' துத்தநாகத்துக்கு: 'ஹெக்டேருக்கு 620 கிலோ கூடுதல் கிடைத்தது, இடைவெளி கழித்தல் 70 முதல் 1,310 கிலோ, 5 சதவீத அளவில் உறுதிப்படவில்லை. விளைவு இருந்தால் பொருளாதாரப் பயன் பெரிது என்பதால் கூடுதல் ரெப்ளிகேஷனுடன் மீண்டும் சோதிப்பது அவசியம்.' விலையை எழுதும்போது எந்தப் பருவத்து விலை என்றும் போடுங்கள், விலை மாறினால் படிப்பவர் தானே மறுபடி வகுத்துக்கொள்வார்.

உங்கள் கைடை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. அவர் படித்த காலத்தில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் உங்கள் பட்டம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். 'சார், வைவாவில் செலவுக் கணக்கு கேட்டால் என்ன சொல்வது?' என்று கேட்டு, 195 கிலோக் கோட்டையும் 34 முதல் 186 வரையிலான இடைவெளியையும் ஒரே படத்தில் வரைந்து அவர் மேசையில் வையுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு 'பரிந்துரைக்கலாம்' என்று சொல்லும் வேளாண் பேராசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. பி மதிப்பு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அவர் ஆதாரம் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

படம் வரைவதற்கு முன், முதல் வேலையாக ஈரப்பதக் குறிப்பேட்டை எடுங்கள். இரண்டு பாதிக்கும் தனித்தனியாக ஈரம் எழுதியிருந்தால் 60 வயலின் எடைகளையும் 14 சதவீதத்துக்குத் திருத்தி, வித்தியாசத்தை மறுபடி கணக்கிடுங்கள். புது எண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதற்கு ஏற்ற கோட்டைச் சேர்ந்து போடுவோம்.